அவளே போட்ட இன்ட்டு

என் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம், ஜூலை மாதத்தில், அவளுடைய ஜாமெட்ரி பெட்டிக்குள் ஒரு மஞ்சள் அட்டையைப் பார்த்தேன். பென்சில் சீவித் தரச் சொல்லி அவள்தான் பெட்டியைக் கொடுத்தாள். உள்ளங்கை அகல அட்டை. திங்கள் முதல் வெள்ளி வரை, எட்டு பீரியடுக்கும் கட்டம் போட்டிருந்தது. சில கட்டங்களில் டிக். பல கட்டங்களில் இன்ட்டு. தலைப்பில், என் மகளின் கோணல் எழுத்தில், "பாடத்தில் இருந்தேனா?" என்று எழுதியிருந்தது.

எண்ணிப் பார்த்தேன். இன்ட்டுதான் அதிகம்.

எங்களுக்குச் சிவகாசி. வீட்டுக்காரர் பருப்பு, மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் செய்கிறார். நான் ஒரு ஆப்செட் கம்பெனியில் செக்கிங் மேஜையில் வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் தாள் தாளாக வந்து விழும். கலர் விலகியிருந்தால், எழுத்து மங்கியிருந்தால், மை தெறித்திருந்தால் கழித்துத் தள்ள வேண்டும். நல்ல தாளைப் பார்த்தாலும் இதில் என்ன தப்பு இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். பன்னிரண்டு வருடப் பழக்கம், வீட்டுக்கு வந்தும் விடுவதில்லை.

அட்டையைப் பார்த்ததும் எதிர்வீட்டுப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். முந்தின வருடம் அதே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்தவள். பரீட்சை நெருங்கும்போது அவள் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு நோட்டைத் திறந்து காட்டினார்களாம். எந்தத் தேதியில் வீட்டுப்பாடம் எழுதவில்லை, எந்தத் தேதியில் வகுப்பில் தூங்கினாள், எல்லாம் வரிசையாக. "பேசாம டிசி வாங்கிக்கிடுங்க. பிள்ளை நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றார்களாம். எங்கள் மாவட்டத்தில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் என்றால் பங்குனிப் பொங்கல் திருவிழா மாதிரி. பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டுவார்கள். அந்த பேனரில் 'நூற்றுக்கு நூறு' என்று போட வேண்டுமென்றால், தேறாது என்று தோன்றும் பிள்ளைகள் ஒன்பதாவது முடியும்போதே காணாமல் போயிருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் இப்போது வீட்டில் இருக்கிறாள்.

என் மகள் மந்தமான பிள்ளை இல்லை. ஆனால் அவள் கவனம் ஓரிடத்தில் நிற்காது. ஒரு கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நான்கு தடவை எழுந்திருப்பாள். நாரணாபுரம் பக்கம் எங்கேயாவது பட்டாசு வெடித்துப் பார்க்கும் சத்தம் கேட்டால், பென்சில் அப்படியே நிற்க, இன்னொரு சத்தம் வருமா என்று காத்திருப்பாள். ஆறாவதிலிருந்து ஒவ்வொரு ரேங்க் கார்டிலும் 'கவனம் தேவை' என்றுதான் எழுதி வந்தது. கவனத்தை எந்தக் கடையில் வாங்குவது என்று யாரும் எழுதவில்லை.

"இது என்னது?" என்று அட்டையைக் காட்டிக் கேட்டேன்.

"என் அட்டை."

"யாரு குடுத்தா?"

"கணக்கு டீச்சர். ஆனா போடுறது நாந்தான். பீரியடு முடிஞ்சதும் நான் கவனிச்சேனான்னு யோசிக்கணும். கவனிச்சிருந்தா டிக்கு. இல்லைன்னா இன்ட்டு."

"இம்புட்டு இன்ட்டா?"

"கவனிக்கலையேம்மா" என்றாள். முகத்தில் வெட்கமோ பயமோ இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கணக்கு டீச்சர்தான் அவளுக்கு வகுப்பாசிரியர். மல்லாங்கிணறு பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பள்ளிக்குப் புதிதாக வந்திருந்தார். அன்று வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்ததும் அட்டை விஷயத்தைச் சொன்னேன்.

"டீச்சர் நல்லதுக்குத்தான் செய்வாக. நீ எதையாவது கெளப்பிக்கிட்டு இருக்காத."

"நல்லதுக்கா? போன வருசம் எதிர்வீட்டுக்காரர்கிட்ட அவுகளே எழுதின நோட்டைக் காட்டினாக. இந்த வருசம் பிள்ளை கையாலயே எழுதி வாங்குறாக. நாளைக்கு நாம என்ன பதில் சொல்ல முடியும்?"

அவர் பதில் சொல்லாமல் சாப்பிட்டார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். பசி என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கண்தான். ஜன்னல் ஓரத்து மூன்றாம் பெஞ்சிலிருந்து என் மகளை முதல் பெஞ்சுக்கு, சுவர் ஓரமாக மாற்றியிருந்தார்கள். தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். மற்ற பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பத்துக் கணக்கு என்றால் இவளுக்கு ஐந்து. அந்த ஐந்தையும் மூன்றும் இரண்டுமாக இரண்டு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் தாளை முடித்துவிட்டு ஒரு நடை நடந்து வந்து, அடுத்ததை எடுக்க வேண்டுமாம். 'இவள் தேறமாட்டாள் என்று கைகழுவிவிட்டார்கள், அதனால்தான் பாதி' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டைக் கொடுக்கிற சாக்கில் கம்பெனியில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். அன்று காலையில் டிபன் பாக்ஸை நானே அடுப்படியில் ஒளித்து வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வராந்தாத் தூண் ஓரமாக நின்று வகுப்பைப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, என் மகள் மட்டும் எழுந்து நோட்டுகளை ஒவ்வொரு பெஞ்சாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து முடித்ததும் பலகையைத் துடைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தலை வாசல் பக்கம் திரும்பியது. டீச்சர் பாடத்தை நிறுத்தாமலே நடந்து வந்து, அவள் மேஜையில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். அவள் உடனே குனிந்து எழுத ஆரம்பித்தாள். வேறு யார் மேஜையிலும் அப்படித் தட்டவில்லை.

வேலை வாங்குகிறார்கள், மிரட்டியும் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் பெற்றோர் கூட்டம் நடந்தது. தலைமை ஆசிரியை மைக்கில் பேசினார். "ஒன்பதாம் வகுப்புல கவனம் இல்லாத பிள்ளைகளைப் பட்டியல் எடுத்துக்கிட்டு இருக்கோம். பெத்தவங்க இப்பவே முடிவெடுக்கணும்." என்ன முடிவு என்று சொல்லவில்லை. கணக்கு டீச்சர் மேடைக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை நான் அதைச் செய்தேன். சாயங்காலம் மகள் மதரசாவுக்கு ஓதப் போயிருந்தாள். டீச்சர் அட்டையைப் பார்ப்பது வெள்ளிக்கிழமை மட்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தேன். நல்ல ரப்பராக எடுத்து, இன்ட்டைத் தாள் தேயாமல் அழித்தேன். அவள் பென்சிலாலேயே, அவள் சாய்க்கிற மாதிரியே சாய்த்து, டிக் போட்டேன். எல்லாவற்றையும் மாற்றவில்லை. எல்லாம் சரியாக இருந்தால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும் என்பது தொழிலில் தெரிந்த விஷயம். ஒரு நாளுக்கு இரண்டு, மூன்று. இடையில் ஒன்றிரண்டு இன்ட்டு இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். என் மேஜைக்கு அந்த அட்டை வந்திருந்தால் நானே கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மூன்று வியாழக்கிழமைகள் அப்படிச் செய்தேன். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது வாரம் அவள் முகம் சரியில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் போட்டது எனக்கே மறந்துபோகுதும்மா. இன்ட்டு போட்ட மாதிரி நெனப்பு இருக்கு. பாத்தா டிக்கு இருக்கு. எனக்கு என்னமோ ஆயிருச்சாம்மா?"

"ஒண்ணும் ஆகல. போய்ச் சாப்பிடு" என்றேன்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அவள் டீச்சரிடம் சொல்வாள், டீச்சர் ஆபீசில் சொல்வார், எல்லாம் போகும் என்று பயம். பிள்ளை தன் ஞாபகத்தையே சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போது இரண்டாம் பட்சமாகத் தோன்றியது. இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

இரண்டு நாள் கழித்து வேறு மாதிரி வந்தாள். "யாரோ என் அட்டையை மாத்துறாக. எனக்குத் தெரியும்" என்றாள். பக்கத்தில் உட்காரும் சிநேகிதிமேல் அவளுக்குச் சந்தேகம். ஆறாவதிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு, முதல் பெஞ்சுக்கும் சேர்ந்தே மாறியவர்கள், ஒரே டிபன். "அவ பெட்டியைத் தொறக்குறதை நான் பாத்தேன். இனிமே அவகூட பேசமாட்டேன்." சிநேகிதி ஸ்கேல் எடுக்கத் திறந்திருப்பாள். நான் அதற்கும் பேசாமல் இருந்தேன். அந்த வாரம் அட்டை பெட்டியில் இல்லை. டீச்சரே நிறுத்திவிட்டார் என்று மட்டும் சொன்னாள்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். லேபிளுக்கு அது சீசன் நேரம், தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது. எட்டு மணிக்கு முன்னால் வீடு திரும்ப முடியவில்லை. அட்டை மறுபடியும் வந்ததே எனக்குத் தெரியாது.

காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த வாரம், கணக்கு டீச்சர் போன் செய்தார். நாலு மணிக்கு மேல் வர முடியுமா என்று கேட்டார். டிசிதான் என்று நினைத்துக்கொண்டு, பேச வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

வகுப்பில் அவர் மட்டும் இருந்தார். என் மகள் வெளியே வேப்பமரத்தடியில் புத்தகப் பையோடு நின்றாள்.

"வாங்கக்கா, உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்றார். மேஜையில் மகளின் பையிலிருந்து வாங்கிய மஞ்சள் அட்டைகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய டைரி.

"இது எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். எத்தனை டிக்குன்னு பாக்குறதுக்கு."

"இல்லக்கா." அவர் டைரியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "அவ போடுற அதே பீரியடுக்கு நானும் இங்கன ஒண்ணு போட்டு வைப்பேன். அறிவியல் டீச்சரும் அவுக பீரியடுக்குப் போட்டுத் தருவாக. வெள்ளிக்கிழமை ரெண்டையும் சேத்து வச்சுப் பாப்போம். டிக்கா இன்ட்டான்னு நான் பாக்க மாட்டேன். ரெண்டு பேரும் போட்டது ஒத்துப்போகுதான்னுதான் பாப்பேன். ஒத்துப்போனா அவளுக்கு ஒரு ஸ்டார். நான் இன்ட்டு போட்டு அவளும் இன்ட்டு போட்டிருந்தாலும் ஸ்டார்தான். மனசு எங்க போகுதுன்னு அவளுக்கே தெரிஞ்சாத்தான திரும்பக் கூட்டிட்டு வர முடியும்?"

நான் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜூலையில பத்துக்கு நாலு ஒத்துப்போச்சு. ஆகஸ்டு மொதல்ல எட்டு வந்திருச்சு. என்னால நம்பவே முடியல. அப்புறம் பாருங்க, மூணு வாரம்." அந்த மூன்று அட்டைகளையும் தனியே தள்ளி வைத்தார். "நான் இன்ட்டு போட்ட எடத்துல எல்லாம் டிக்கு. கேட்டா, நான் அப்பிடிப் போடலைன்னு அழுறா. எனக்குக் கோவம். எல்லாரு முன்னாலயும் திட்டிட்டேன். அட்டையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு நிறுத்திட்டேன். பத்து நாள் கழிச்சு அவளா வந்து, இன்னும் ஒரு அட்டை குடுங்க டீச்சர், பேனாவுல போடுறேன்னு கேட்டா. குடுத்தேன்." கடைசி அட்டையை எடுத்தார். நீல மையில், தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்ட இன்ட்டுகள். "பத்துக்குப் பத்து. பென்சில்ல போட்ட மூணு வாரம் மட்டும் எப்பிடிக்கா பொய்யாகும்?"

அவருக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை நிஜமாகவே கேட்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எதுவாக இருந்தாலும் இனி முடியாது என்று தோன்றியது.

"நாந்தான் மாத்துனேன் டீச்சர்."

அவர் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"ஏங்க்கா?"

எதிர்வீட்டுப் பெண்ணின் கதையைச் சொன்னேன். நோட்டைச் சொன்னேன். முதல் பெஞ்சு, பாதி வீட்டுப்பாடம், நோட்டுக் கொடுக்கும் வேலை, மேஜையில் தட்டிய இரண்டு விரல், எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது.

"ரெண்டு விரல்ல தட்டுனது அவ சொல்லித்தான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எல்லாரும் திரும்பிப் பாக்காக டீச்சர், சும்மா தட்டுங்கன்னு அவதான் கேட்டா. அரை மணி நேரத்துக்கு மேல அவளால உக்கார முடியாது. எந்திரிச்சு நடக்குறதுக்கு ஒரு காரணம் வேணும்னுதான் நோட்டுக் குடுக்கச் சொன்னேன். நீங்க எடுபிடின்னு நெனச்சிருக்கீக." டைரியை மூடி வைத்தார். "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா."

"கேட்டா நீங்க உண்மையைச் சொல்லுவீகன்னு எனக்கு என்ன நிச்சயம்?"

இதைச் சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் டீச்சர் கோபப்படவில்லை. எழுந்து கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க சந்தேகப்பட்டதும் முழுசாத் தப்பில்ல. ஆபீஸ்ல இந்த அட்டையைக் கேட்டாக. ரெண்டு தடவை. என்கிட்ட இல்ல, பிள்ளை வீட்டுல இருக்குன்னு சொல்லிட்டேன். அதுக்குத்தான் எல்லாத்தையும் அவகிட்டயே வச்சுக்கச் சொன்னது."

நான் சந்தேகப்பட்ட விஷயம் உண்மை. சந்தேகப்பட்ட ஆள்தான் தப்பு. அந்த நேரத்தில் இது எனக்கு ஆறுதலாக இல்லை.

"அவகிட்ட நீங்களே சொல்லிருங்கக்கா. நான் திட்டினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்" என்று அட்டைகளை என் கையில் கொடுத்தார்.

வேப்பமரத்தடியிலேயே சொன்னேன். வீடு வரைக்கும் தள்ளிப்போட்டால் மறுபடி வாய் வராது என்று தெரியும். மகள் முதலில் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"எது எதுன்னு காட்டு."

எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. மூன்று அட்டையையும் வாங்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். "இது செவ்வா, சமூக அறிவியல். அன்னைக்கு மழை வந்துச்சு, நான் வெளிய பாத்துக்கிட்டு இருந்தேன். இன்ட்டு. இது புதன், தமிழ். இது நெசமாவே டிக்குதான். இது வியாழன் கணக்கு. பாதி வரைக்கும் கவனிச்சேன். அப்புறம் தாயில்பட்டியில வெடி விபத்துன்னு யாரோ பேசுனாக, எங்க மாமா அங்கதான வேலைக்குப் போறாகன்னு நெனச்சேன். இன்ட்டு." ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டுப் போட்டாள். ஒரு மாதத்துக்கு முந்தின பீரியடுகள். ஒரு வாய்க்கணக்கை மனதில் வைத்திருக்க முடியாத பிள்ளை என்று நான் எல்லோரிடமும் சொல்லிவந்த என் மகள், தன் மனம் எந்த நாளில் எந்த நிமிடத்தில் எங்கே போனது என்று அவ்வளவையும் வைத்திருந்தாள்.

என் தம்பிக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. வெடித்தது வேறு யூனிட்டில். ஆனால் அவள் அதை என்னிடம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

முடித்துவிட்டு எழுந்தாள். "அவகிட்ட நான் ஒரு மாசமா பேசல" என்றாள். சிநேகிதியைப் பற்றி. "நீ பாத்துக்கிட்டேதான இருந்த?"

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சிநேகிதி திரும்பப் பேசுவதற்குள் தீபாவளி கழிந்துவிட்டது. அவள் வீட்டுக்கு நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் அம்மா காபி கொடுத்தார், ஆனால் என்னை ஒரு மாதிரி பார்த்தார். டீச்சர் மறுநாளே வகுப்பில் எல்லோருக்கும் முன்னால், "நான் விசாரிக்காமத் திட்டிட்டேன். தப்பு என்மேல" என்று சொன்னாராம். யார் மாற்றியது என்று சொல்லவில்லையாம். இதை என் மகள் வீட்டுக்காரரிடம், அவள் அத்தாவிடம்தான் சொன்னாள். அடுத்த அறையிலிருந்து நான் கேட்டுக்கொண்டேன். என்னிடம் அவள் பள்ளிக்கூட விஷயம் பேசுவதற்கு இன்னும் பல வாரம் ஆனது. அட்டையை எங்கே வைக்கிறாள் என்று நான் தேடவில்லை. தேட வேண்டும் போல் இருந்தது உண்மை.

மார்ச்சில் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். என்னோடு இன்னும் மூன்று பெற்றோர். ஒவ்வொருவராக உள்ளே போனோம். தலைமை ஆசிரியை மிகவும் மரியாதையாகப் பேசினார். "பிள்ளை நல்லாத்தான் முயற்சி பண்றா. ஆனா பத்தாவது பாரம் அவ தாங்க மாட்டா. டிசி வாங்கிட்டு பிரைவேட்டா எழுதட்டும். அவளுக்கும் நிம்மதி."

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்: "இப்ப சொன்னதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க டீச்சர். என்ன காரணத்துக்காக வெளிய போகச் சொல்றீகன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுங்க. நான் இப்பவே டிசி வாங்கிக்கிடுதேன்."

"இதெல்லாம் எழுத்துல குடுக்குற விஷயம் இல்லம்மா."

"அப்ப டிசி வேணும்னு நானும் எழுதித் தர மாட்டேன்."

அவர் மேஜை மணியை அடித்து அடுத்த ஆளை வரச் சொன்னார். வெளியே வந்ததும் மற்ற மூன்று பேரிடமும் இதையே கேட்கச் சொன்னேன். ஒருவர் கேட்டார். மற்ற இருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

என் மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள். அட்டை கிடையாது. தேவை இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறையில் உட்கார்ந்து படிப்பாள். நான் அடுப்படியில் இருப்பேன். கொஞ்ச நேரம் எழுதும் சத்தம் வரும். நாற்காலி நகரும். நடப்பாள். மறுபடி உட்காருவாள். போன வாரம் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் வரவில்லை. பத்து நிமிடம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியாமல் எழுந்து போய்ப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?" என்றாள்.

"தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்."

"வேணாம்" என்றாள். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு வந்தேன்.